ஓவனில் மொறுமொறு உருளைக்கிழங்கு

நேயர்களுக்கு வணக்கம்.

ரசம் சாதத்துக்கு உருளைக்கிழங்கு வறுவல் இருந்துவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் வேறெதுவும் கேட்கமாட்டார்கள். ஓவன் வாங்கிய புதிதில் அந்த வறுவலை அதில் செய்து பார்த்தேன். பச்சைக் கிழங்கை நறுக்கி, மிளகாய்த்தூள் பிசறி அப்படியே உள்ளே வைத்தேன். தூள் கருகிக் கசந்தது. கிழங்கு மேலே வற்றி, உள்ளே அரைவேக்காடாக நின்றது.

இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் வறுத்த இறைச்சியோடு ஓவனில் வறுத்த உருளைக்கிழங்கும் இருக்கும். அங்கே முதலில் வேகவைத்துவிட்டு, அப்புறம்தான் ஓவனில் வைப்பார்கள். வறுப்பதற்கு மாட்டுக் கொழுப்பு, வாத்துக் கொழுப்பு என்று வைத்திருக்கிறார்கள். நமக்குக் கடலை எண்ணெயே நன்றாக வரும். ஆனால் அந்த வேகவைக்கும் வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஒரு கிலோ கிழங்கைத் தோல் சீவிப் பெரிய துண்டுகளாக நறுக்குங்கள். மாவுத்தன்மை உள்ள முற்றிய கிழங்காக இருக்கட்டும். இரண்டு லிட்டர் தண்ணீர் கொதித்ததும் உப்பும் அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவும் போட்டு, கிழங்கைச் சேர்த்துப் பத்து நிமிடம் வேகவிடுங்கள். கத்தி முனை எளிதாக இறங்க வேண்டும், துண்டு உடையக்கூடாது. துண்டின் மேற்புறத்தைப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் என்ற இயற்கைப் பசையைச் சோடா இளக்கிவிடுகிறது. அதனால் ஓரங்கள் சீக்கிரம் குழைகின்றன.

தண்ணீரை வடித்த பிறகு இரண்டு மூன்று நிமிடம் சும்மா விடுங்கள். ஆவி பறந்து, பளபளவென்று இருந்த துண்டுகள் வெளிறி உலர்ந்து தெரியும். இந்தக் காத்திருப்புதான் எனக்கு எண்ணெயைவிட முக்கியம். ஈரம் நின்றால், அது வற்றும்வரை கிழங்கு சிவக்காது. அப்புறம் நான்கு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, பாத்திரத்தை மூடி நன்றாகக் குலுக்குங்கள். திறந்து பார்த்தால் ஒவ்வொரு துண்டின் மேலும் மசித்த கிழங்கு போல ஒரு பூச்சு ஒட்டியிருக்கும். வெந்து மொறுமொறுப்பாகப் போவது அந்தப் பூச்சுதான்.

ஓவனை 220 டிகிரி செல்சியஸில் முன்பே சூடாக்கி, தட்டையும் உள்ளேயே வைத்திருங்கள். சூடான தட்டில் துண்டுகளை இடைவெளி விட்டுப் பரப்புங்கள். நெருக்கி வைத்தால் ஒன்றின் ஆவியில் மற்றொன்று வேகும், வறுபடாது. இடம் போதவில்லையென்றால் இரண்டு தடவையாகச் செய்யலாம். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் ஒருமுறை திருப்பி, மறுபடி அதே அளவு நேரம் வையுங்கள். அதற்கு முன் தட்டிலிருந்து பிடுங்க வேண்டாம். அடிப்புறம் சிவந்ததும் துண்டு தானே விட்டு வரும்.

மசாலா கடைசியில்தான். சின்னக் கரண்டியில் எண்ணெய் காய்ச்சி, தட்டிய பூண்டு ஆறு பல், ஒரு கொத்துக் கறிவேப்பிலை போட்டுப் பொன்னிறமானதும் அடுப்பை அணைத்துவிட்டு, மிளகாய்த்தூள், மிளகுத்தூள், கொஞ்சம் சோம்புத்தூள் சேருங்கள். அந்தச் சூடே தூளுக்குப் போதும். வெளியே எடுத்த கிழங்கின் மேல் இதை ஊற்றி, உப்புத் தூவிப் புரட்டிவிடுங்கள்.

இன்னொன்று. கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். ஓவனில் வைத்ததும் மேலே சீக்கிரம் கருத்து, கசப்பு தட்டும். அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் கூடுதலாக உண்டாகலாம். காற்றோட்டமான இருட்டு மூலையில் சாக்கில் போட்டு வைத்தால் போதும். வெளிச்சம் பட்டுப் பச்சை பிடித்த கிழங்கை ஒதுக்கிவிடுங்கள்.

இந்த மொறுமொறுப்பு அரைமணி நேரம்கூட நிற்காது. அதனால் கிழங்கைத் திருப்பிவிடும்போதே ரசத்துக்குப் புளி கரைக்க ஆரம்பியுங்கள். ரசம் நுரைத்து இறங்கவும், கிழங்கு சிவந்து வெளியே வரவும் சரியாக இருக்கும்.

வணக்கம்.