கண்டும் காணாத கண்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். 'டர்ன் எ பிளைண்ட் ஐ' என்ற ஆங்கில மரபுத்தொடரைச் செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். அதைக் 'குருட்டுக் கண்ணைத் திருப்புதல்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர்களும் உண்டு; 'அலட்சியம்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுபவர்களும் உண்டு. இரண்டிலுமே தொடரின் உயிர் போய்விடுகிறது.

இத்தொடரோடு சேர்த்துச் சொல்லப்படும் நிகழ்ச்சி, 1801 ஏப்ரல் 2 அன்று கோப்பன்ஹேகன் கடற்போரில் நடந்தது. ஏழாண்டுகளுக்கு முன் கோர்சிகாத் தீவில் காயம்பட்டு வலக்கண் பார்வையை இழந்திருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன், 'எலிஃபன்ட்' என்ற கப்பலிலிருந்து டென்மார்க் படையோடு போரிட்டுக்கொண்டிருந்தபோது, தொலைவில் நின்ற தலைமைத் தளபதி ஹைட் பார்க்கர், போரை நிறுத்தச் சொல்லும் 39-ஆம் எண் கொடியை ஏற்றச் செய்தார். அருகிலிருந்த கர்னல் ஸ்டூவர்ட் எழுதிவைத்துள்ளபடி, நெல்சன் தொலைநோக்கியைப் பார்வையற்ற கண்ணில் வைத்து, தமக்குக் கொடி தெரியவில்லை என்றார். அதற்குச் சற்று முன்புதான், எதிரியை நெருங்கிப் போரிடச் சொல்லும் தம்முடைய 16-ஆம் எண் கொடி இறங்காமல் பறக்கிறதா என்று கேட்டு, அதை அப்படியே விட்டுவைக்கச் சொல்லியிருந்தார். மேலிடத்துக் கட்டளை இன்னதென்று நன்கு அறிந்த பிறகே தொலைநோக்கி அந்தக் கண்ணுக்குப் போனது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஆகவே இத்தொடர் பார்வையற்றவர்களைப் பற்றியதே அன்று. பார்க்க முடிந்தும் பார்க்க மறுப்பவர் மீது சாட்டப்படும் குற்றம் அது. தமிழில் இதற்கு நேரான வழக்கு 'கண்டும் காணாமல் இருத்தல்'. அதில் 'கண்டும்' என்பது முதலில் நிற்பதை நான் பெரிதும் மதிக்கிறேன். 'பாராமுகம்' இதற்குப் பொருந்தாது, அது உறவில் வரும் மனத்தாங்கலைச் சொல்வது. ஆற்று மணலை ஏற்றிய லாரி இரவில் சோதனைச் சாவடியைக் கடக்கும்போது காவலர் அயர்ந்து உறங்கிவிட்டால் அது கடமை தவறியது. விழித்திருந்து, வண்டியின் ஒளி விழுந்ததும் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு தலைகுனிந்து எழுதத் தொடங்கினால், அங்கேதான் இத்தொடர் பொருந்தும். தடுக்கும் பொறுப்பும் அதிகாரமும் உள்ளவர்களைப் பற்றியே பெரும்பாலும் இது சொல்லப்படுவதும் அதனால்தான்.

இந்த வேறுபாடு நீதிமன்றத்தில் வழக்கின் முடிவையே தீர்மானித்திருக்கிறது. 1990-இல் 'ஸ்டார் சீ' என்ற கப்பல் தீப்பிடித்துப் பெருஞ்சேதமடைந்தது. கப்பல் தகுதியற்ற நிலையில் இருந்ததை உரிமையாளர்கள் அறிந்தே கடலுக்கு அனுப்பினார்கள் என்று காப்பீட்டாளர்கள் வாதாடினார்கள். அதே உரிமையாளர்களின் வேறு இரு கப்பல்கள் முன்பே தீக்கிரையாகியிருந்ததால் ஐயத்துக்கு இடமும் இருந்தது. ஆயினும், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் விளங்கிய பிரபுக்கள் சபை 2001-இல், விசாரிக்காமல் கவனக்குறைவாக இருந்துவிடுவது வேறு, உண்மை உறுதியாகிவிடும் என்று அஞ்சி வேண்டுமென்றே விசாரிக்காமல் விடுவது வேறு என்று பிரித்துக் காட்டி, இரண்டாவது வகைக் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று உரிமையாளர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புரையிலும் நெல்சனின் தொலைநோக்கி நினைவுகூரப்பட்டது.

எனவே, மொழிபெயர்க்கும் நண்பர்களை நான் கேட்டுக்கொள்வது இது: இத்தொடர் வரும் இடத்தில் 'கவனிக்கத் தவறினார்' என்று எழுதாதீர்கள். அது, மூல ஆசிரியர் ஒருவர் மீது சுமத்திய குற்றச்சாட்டை நாமாகவே தள்ளுபடி செய்வதாகும்.