முகக்கவசம் கேட்ட கோல்கீப்பர்

அனைவருக்கும் வணக்கம்.

ஜாக் பிளான்ட் என்ற ஐஸ் ஹாக்கி கோல்கீப்பரைப் பற்றி இன்று பேசப்போகிறேன். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1929இல் பிறந்தவர். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணிக்காக ஆடி, அந்த லீகின் சாம்பியனுக்குக் கிடைக்கும் ஸ்டான்லி கோப்பைகளில் ஆறை வென்றவர். அவற்றில் ஐந்து, 1956 முதல் 1960 வரை வரிசையாக வந்தவை. அந்த ஐந்து வருடத் தொடரை இன்றுவரை வேறெந்த அணியும் எட்டவில்லை. ஆனால் கோப்பைகளுக்காக மட்டும் நான் இவரை எடுத்துக்கொள்ளவில்லை. அடியைத் தாங்கிக்கொள்வதுதான் வீரம் என்று ஓர் ஆட்டமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், இந்த அடி எனக்குத் தேவையில்லை என்று சொல்லத் துணிந்த மனிதர் இவர். எனக்கு இவர்மேல் இருக்கிற மரியாதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. பக் என்று கெட்டி ரப்பரில் ஒரு வட்டத் தட்டு. மூன்று அங்குல விட்டம், ஓர் அங்குலக் கனம், எடை 170 கிராம் வரை. பனித்தரையில் துள்ளக் கூடாது என்று ஆட்டத்துக்கு முன்பே அதை உறைய வைத்துவிடுவார்கள். நல்ல ஆட்டக்காரர் அடித்தால் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டி வரும். கோல் ஆறடி அகலம், நான்கடி உயரம். 1950களில் அதன் முன்னால் நிற்கிறவருக்குக் காலில் தடித்த தோல் பட்டை உண்டு, மார்புக்கு மெத்தை உண்டு, கைக்கு உறை உண்டு. முகத்துக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. எதிரே நாலைந்து பேர் மறைத்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களுடைய கால்களுக்கு நடுவே பக் எங்கே இருக்கிறது என்று பார்க்க, கோல்கீப்பர் குனிந்துதான் ஆகவேண்டும். அப்படிக் குனியும்போது முகம் பக் பறக்கும் உயரத்துக்கே வந்துவிடும்.

1930இல் கிளின்ட் பெனடிக்ட் என்ற கோல்கீப்பர் தோலில் செய்த கவசம் ஒன்றைப் போட்டு ஆடிப் பார்த்தார். பார்வையை மறைக்கிறது என்று சில ஆட்டங்களோடு விட்டுவிட்டார். அதற்கப்புறம் கிட்டத்தட்ட முப்பது வருடம் அந்த லீகில் யாரும் முயலவில்லை. மூக்கு உடையும், தையல் போட்டுக்கொண்டு திரும்பி வருவார்கள். பிளான்டும் அப்படித்தான் இருந்தார். அவருடைய இரண்டு கன்ன எலும்புகளும் பயிற்சியின்போதே உடைந்தவை.

1959 நவம்பர் 1, நியூயார்க், மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஆட்டம் தொடங்கி மூன்று நிமிடம்தான் ஆகியிருந்தது. ரேஞ்சர்ஸ் அணியின் ஆண்டி பாத்கேட் அடித்த பக் பிளான்டின் முகத்தில் பாய்ந்தது. மூக்கிலிருந்து உதடு வரை கிழிந்துவிட்டது. அது தற்செயல் இல்லை, அதற்குச் சற்று முன் பிளான்ட் தன்னைத் தடுக்கி விட்டதற்குப் பதிலாகத்தான் அப்படி அடித்தேன் என்று பாத்கேட்டே வெகுகாலம் கழித்துச் சொன்னார். பிளான்டை உள்ளே கூட்டிப்போய் ஏழு தையல் போட்டார்கள்.

அந்தக் காலத்தில் அணியோடு இரண்டாவது கோல்கீப்பர் வருவதில்லை. முதல் ஆள் அடிபட்டால், உள்ளூர் அரங்கில் தயாராக இருக்கும் யாரோ ஒரு அமெச்சூரை நிறுத்த வேண்டியதுதான். இது பிளான்டுக்கும் தெரியும், பயிற்சியாளர் டோ பிளேக்குக்கும் தெரியும். பிளான்ட் சொன்னார்: முகக்கவசம் போட விட்டால் போகிறேன், இல்லையென்றால் போக மாட்டேன்.

பிளேக்குக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. கவசம் போட்டால் காலடியில் வரும் பக் தெரியாது, கோல்கீப்பரின் கூர்மை போய்விடும் என்பது அவருடைய கட்சி. அவர் கெட்டவரில்லை. அன்று ஐஸ் ஹாக்கியில் இருந்த முக்கால்வாசிப் பேர் அதையேதான் சொன்னார்கள். பயப்படுகிறவன்தான் முகத்தை மூடுவான் என்ற பேச்சும் கூடவே இருந்தது. ஆனால் அன்றிரவு அவருக்கு வேறு வழியில்லை. காயம் ஆறும்வரை போட்டுக்கொள் என்று சம்மதித்தார். பிளான்ட் கவசத்தோடு வந்தார். கனேடியன்ஸ் 3-1 என்று ஜெயித்தது.

அந்தக் கவசம் அன்று திடீரென்று முளைத்ததில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிளான்ட் பல வருடமாகப் பயிற்சியில் கவசம் போட்டு வந்தார். 1958இல் ஒரு ஆட்டத்தில் அவருடைய நெற்றியில் பக் அடித்ததைப் பார்த்த பில் பர்ச்மோர் என்பவர் தானாகவே அவருக்கு எழுதினார். பர்ச்மோர் ஃபைபர்கிளாஸ் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். முகத்தை அச்சு எடுத்து, அதன்மேல் ஃபைபர்கிளாஸ் படிய வைத்தால் தோலோடு ஒட்டி நிற்கும், கண்ணுக்கு இடையூறு இருக்காது என்பது அவருடைய யோசனை. பிளான்ட் முகத்தைக் கொடுத்தார். வந்தது தோல் நிறத்தில் ஒரு தகடு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை, வாய்க்கு ஒன்று. பார்க்க லட்சணமாக இருக்காது. ஆனால் அது வேலை செய்தது.

காயம் ஆறியும் பிளான்ட் கழற்றவில்லை. அணி ஜெயித்துக்கொண்டே போக, பிளேக்கும் வாயைத் திறக்க முடியவில்லை. 1960 மார்ச்சில் ஒரே ஒரு தடவை, டெட்ராய்ட் ஆட்டத்தில், பிளேக்கின் வற்புறுத்தலால் கவசம் இல்லாமல் ஆடினார். 3-0 என்று தோற்றார்கள். மறு ஆட்டத்தில் கவசம் திரும்பி வந்தது. அந்த வசந்தத்தில் இறுதிச் சுற்றுகளில் எட்டு ஆட்டம் ஆடி எட்டிலும் வென்று கனேடியன்ஸ் ஐந்தாவது கோப்பையைத் தூக்கியது. கவசம் போட்டால் ஆட முடியாது என்ற வாதம் அதோடு முடிந்துபோனது.

நாம் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். டெஸ்ட் ஆட்டத்தில் முதன்முதலாக ஒருவர் ஹெல்மெட் போட்டு இறங்கியது 1978இல். ஆஸ்திரேலியாவின் கிரஹாம் யாலப். அவரையும் கூட்டம் கேலி செய்து கத்தியது. பிளான்டுக்குப் பத்தொன்பது வருடம் கழித்தும் இதே கதைதான்.

இவருக்கு இந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? என் கணிப்பு, சிறு வயதிலிருந்தே தன் உடம்பைக் கூர்ந்து கவனிக்கும் கட்டாயம் இவருக்கு இருந்தது. வீட்டில் பதினொரு பிள்ளைகள், இவர்தான் மூத்தவர். வசதி கிடையாது. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டார், சமைத்தார், அம்மாவிடம் கம்பளி பின்னக் கற்றுக்கொண்டார். பெரிய ஆட்டக்காரர் ஆன பிறகும் தன் குல்லாயைத் தானே பின்னிப் போட்டுக்கொண்டார். ஆஸ்துமா இருந்ததால் ஓடி ஆட முடியாமல்தான் கோல் முன்னால் வந்து நின்றார். டொரான்டோவில் அணி தங்கும் ஹோட்டலில் அவருக்கு மூச்சு முட்டும். அதனால் தனியாக வேறு ஹோட்டலில் தங்குவார். பிகு பண்ணுகிறார் என்று அதற்கும் பேர் வந்தது.

ஒரு தடவை, சில அரங்குகளில் கோலின் குறுக்குக் கம்பி சரியான உயரத்தில் இல்லை என்று சொன்னார். பின்னால் சாயும்போது கம்பி முதுகில் படுகிற இடம் மாறுகிறதாம். சாக்கு சொல்கிறார் என்றார்கள். அளந்து பார்த்தால், அவர் சொன்னதுதான் சரி. இந்தச் சம்பவம் எனக்கு மிகவும் பிடிக்கும். வருடக்கணக்கில் எத்தனையோ பேர் அதே கம்பியின் கீழ் நின்றிருக்கிறார்கள்.

கோலை விட்டு வெளியே வந்து, பின்பக்கம் போகும் பக்கைத் தானே நிறுத்தித் தன் ஆட்களுக்குக் கொடுப்பதையும் லீகில் வழக்கமாக்கியவர் இவர்தான். இன்று எல்லா கோல்கீப்பரும் செய்கிறார்கள். 1962இல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருது இவருக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு ஒரு கோல்கீப்பர் அந்த விருதைத் தொட 1997இல் டொமினிக் ஹாஷெக் வரவேண்டியிருந்தது.

1963இல் கனேடியன்ஸ் இவரை நியூயார்க்குக்குக் கொடுத்துவிட்டது. 1965இல் ஓய்வு. 1968இல் செயின்ட் லூயிஸ் அணி அழைக்க, நாற்பதை நெருங்கும் வயதில் திரும்பி வந்தார். அங்கே உடன் இருந்தவர் கிளென் ஹால். முகத்தில் ஒன்றும் இல்லாமல் தொடர்ந்து 502 ஆட்டங்கள் ஆடிய மகா கோல்கீப்பர். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் அவர் வாந்தி எடுப்பார் என்பது அந்த ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எந்த நிலைமையில் இவர்கள் வேலை பார்த்தார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. அந்த ஹாலும் 1968இல் முகக்கவசத்துக்கு வந்துவிட்டார். அந்தப் பருவத்தில் சிறந்த கோல்காப்புக்கான வெசினா விருதை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். பிளான்டுக்கு அது ஏழாவது வெசினா.

1970 இறுதிப் போட்டியில் பாஸ்டன் ஆள் ஒருவர் அடித்த பக் திசை மாறி பிளான்டின் நெற்றியில் மோதியது. கவசம் உடைந்தது, அவர் மயங்கி விழுந்தார். கவசம் இல்லையென்றால் உயிரோடு இருந்திருக்க மாட்டேன் என்று பிறகு சொன்னார். அதோடு வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த பருவத்தில், 42 வயதில், டொரான்டோவுக்காக ஆடி, ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 1.88 கோல்தான் விட்டார்.

அந்த டொரான்டோ வருடங்களில் இன்னொரு வேலையும் நடந்தது. சிறுவயதிலிருந்தே பிளான்டைக் கொண்டாடிய பெர்னி பேரன்ட் அதே அணிக்கு வந்து சேர்ந்தார். தன் இடத்துக்குப் போட்டியாக வரக்கூடிய அந்த இளைஞருக்கு எங்கே நிற்க வேண்டும், எந்தக் கோணத்தில் முன்னேற வேண்டும் என்று பிளான்ட் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். பேரன்ட் பிலடெல்பியாவுக்குத் திரும்பிப்போய் 1974, 1975 இரண்டு வருடமும் ஸ்டான்லி கோப்பையை வென்றார்.

1972 செப்டம்பர் 2, மான்ட்ரியல். கனடாவுக்கும் சோவியத் அணிக்கும் நடந்த புகழ்பெற்ற தொடரின் முதல் ஆட்டம். ஆட்டத்துக்கு முன் பிளான்ட் மொழிபெயர்ப்பாளரோடு சோவியத் உடைமாற்றும் அறைக்குள் போனார். அங்கே விளாதிஸ்லாவ் திரெத்யாக் என்று இருபது வயது கோல்கீப்பர். கனடிய ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவரும் எங்கிருந்து, எப்படி அடிப்பார்கள் என்று அந்தப் பையனுக்குப் பொறுமையாக விளக்கினார். ஏன் அப்படிச் செய்தார் என்பது தனக்கு விளங்கவில்லை என்று திரெத்யாக் பின்னாளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். எனக்கென்னவோ அது விளங்கியது போலத்தான் இருக்கிறது. முன்பின் தெரியாத எதிரிகளிடம் அடிவாங்கப் போகிற ஒரு கோல்கீப்பர் அங்கே தனியாக உட்கார்ந்திருந்தார். பிளான்டுக்கு அவ்வளவு போதும். அன்று சோவியத் அணி 7-3 என்று கனடாவை வென்றது.

பிளான்ட் 1975இல் ஆட்டத்தை விட்டார், ஸ்விட்சர்லாந்தில் குடியேறினார், 1986இல் புற்றுநோயால் இறந்தார். திரெத்யாக் 1990இல் சிகாகோ அணிக்கு கோல்கீப்பர் பயிற்சியாளராக வந்தார். அங்கே அவரிடம் கற்றுக்கொண்ட எட் பெல்ஃபோர், பிறகு தன் சட்டையில் திரெத்யாக்கின் 20ஆம் எண்ணைப் போட்டுக்கொண்டு 1999இல் டல்லாஸுக்கு ஸ்டான்லி கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

வணக்கம்.