என்ர ஸ்டார்லெட்டுக்கு டர்போ: பிஸ்டன் ஏன் உடைஞ்சது?

வணக்கம் உறவுகளே. உப்புவெளியில எங்கட வீட்டு முத்தத்தில நிக்கிறன். பொனெட்டைத் திறக்கிறன், கிட்ட வந்து பாருங்கோ. இது டொயோட்டா ஸ்டார்லெட், ஈபி82. டர்போ, அதாவது எஞ்சின் புகையால சுத்திக் கூடுதல் காத்தை உள்ளுக்கத் தள்ளுற சாமான், இல்லாமல் வந்த கார். உள்ளுக்க இருக்கிறது 4ஈ-எஃப்ஈ எஞ்சின், 1331 சிசி. இதே குடும்பத்தில டர்போவோட வந்தது 4ஈ-எஃப்டிஈ. ரெண்டுக்கும் சிலிண்டர் விட்டம் 74 மில்லிமீற்றர்தான். அதால கன பேர், டர்போவையும், எஞ்சின் புகையை அதுக்குக் கொண்டு போற மெனிஃபோல்டையும் வாங்கிப் பூட்டினால் சரி எண்டு நம்புகினம். நானும் நம்பினன்.

இந்தா, அதுக்குக் கிடைச்ச பதில். மூண்டாம் சிலிண்டர் பிஸ்டன். பிஸ்டனைச் சுத்திப் போட்டிருக்கிற மேல் ரிங்குக்கும் ரெண்டாம் ரிங்குக்கும் நடுவில இருக்கிற விளிம்பைப் பாருங்கோ, துண்டாப் பேர்ந்து போச்சு. இதைக் கையில எடுத்த அண்டைக்கு எனக்குச் சோறு இறங்கேல்ல.

ஏன் இப்பிடி உடைஞ்சது? டர்போ இல்லாத இந்த எஞ்சின்ர கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் கலவையை எத்தினை மடங்கு நசிக்குது எண்ட கணக்கு, 9.6க்கு 1. டர்போ எஞ்சின்ர 8.2க்கு 1. டொயோட்டா அதைச் சும்மா குறைக்கேல்ல. 0.5 பார் பூஸ்ட் எண்டால், அதாவது டர்போ வெளிக் காத்து அழுத்தத்துக்கு மேல அவ்வளவு கூட அழுத்தினால், கிட்டத்தட்ட ஒண்டரை மடங்கு காத்தை உள்ளுக்கத் தள்ளுறம். அதை 9.6 அளவுக்கு நசிச்சால் சூடு எகிறும். ஸ்பார்க் கொளுத்தின நெருப்பு முழுசாப் பரவ முந்தி, மூலையில மிச்சமா நிண்ட கலவை தானா வெடிக்கும். அதுதான் நொக். டின்னுக்குள்ள கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரிக் கேக்கும். நான் 92 ஒக்டேன் பெற்றோலில ஓடினன், அந்தச் சத்தமும் கேட்டது, ஆனா ஓட்டத்தை நிப்பாட்டேல்ல.

பெற்றோலும் காணாது. காத்து ஒண்டரை மடங்கெண்டால் பெற்றோலும் அந்தளவு கூட வேணும். பெற்றோலைத் தெளிக்கிற பழைய இன்ஜெக்டரால அது ஏலாது. அதோட இந்தக் கார்ர பிரஷர் சென்சர் வெளிக் காத்து அழுத்தம் வரைக்கும்தான் வாசிக்கும், அதுக்கு மேல ஈசியூவுக்கு, அதாவது எஞ்சின்ர கொம்பியூட்டருக்கு, கண் தெரியாது. அதால இந்த முறை டர்போ எஞ்சின்ர பிஸ்டன், கனெக்டிங் ரொட், இன்ஜெக்டர், சென்சர், ஈசியூ எல்லாத்தையும் ஒரே செட்டா கொழும்பு பஞ்சிகாவத்தையில தேடி எடுத்தன். டர்போவைத் தனிய விலை கேட்டு வாங்காதேங்கோ. உண்மையான செலவு இந்தச் சாமான்களிலதான்.

லேத்தில வேலை செய்யிற அண்ணை ஒராள் ரிங் இடைவெளியை ஒவ்வொண்டா அளந்து தந்தார். டர்போ சூட்டில ரிங் விரியும். இடைவெளி காணாட்டில் நுனி ரெண்டும் முட்டும், பிறகு இந்தப் பிஸ்டன்ர கதிதான்.

இப்ப இந்தக் குழாயைப் பாருங்கோ. டர்போவில இருந்து ஒயில் சம்புக்கு, அதாவது எஞ்சினுக்கு அடியில இருக்கிற ஒயில் தட்டுக்கு, திரும்பிற குழாய். பம்ப் ஒண்டும் இதை இழுக்கிறேல்ல, ஒயில் தன்ர பாரத்திலதான் வடியுது. குழாய் பெரிசா இருக்கோணும், எங்கயும் மேல வளையக்கூடாது, சம்பில ஒயில் மட்டத்துக்கு மேலதான் சேரோணும். இல்லாட்டில் ஒயில் தேங்கி சீலால கசியும், புகைக்குழாயால நீலப் புகை வரும். ஓட்டை போட சம்பைக் கழட்டித்தான் போட்டம், இரும்புத் தூள் உள்ளுக்க விழக்கூடாதெண்டு.

எங்கட ஊருக்கு இன்னொரு விசயம் இருக்கு. கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில திருகோணமலை வெயில் உங்களுக்குத் தெரியும்தானே. டர்போ நசிக்கிற காத்து ஏற்கெனவே சூடு, அதில வெளிக் காத்தும் கொதிச்சால் நொக் கெதியா வரும். அதுக்குத்தான் முன்னுக்கு அந்தக் காத்தை ஆத்துற இன்டர்கூலர். பூஸ்டை 0.4 பாரில வச்சிருக்கிறன், நொக்கைக் கூடத் தாங்கிற 95 பெற்றோல் மட்டும்தான் அடிக்கிறன். புகைக்குழாயில கலவையை அளக்கிற வைட்பேண்ட் சென்சர் இருக்கு. பூஸ்ட் ஏறேக்க காத்து பெற்றோல் விகிதம் 12க்குக் கிட்ட நிக்கோணும். 13ஐத் தாண்டினால் பெற்றோல் காணாது எண்டு அர்த்தம், அந்த இடத்திலயே காலை எடுக்கிறன்.

நேற்றுக் காலம நிலாவெளி வீதியால இறக்கண்டி மட்டும் மெல்லமாப் போய் வந்தன். வந்து உடன ஓஃப் பண்ணேல்ல, ரெண்டு நிமிசம் ஐட்லிங்கில விட்டன். ஒயில் ஓட்டம் நிண்டால், சூடான டர்போவுக்குள்ள இருக்கிற ஒயில் கருகிப் பிடிச்சிடும்.

சரி, இப்ப ஸ்டார்ட் பண்ணுறன். ஒருக்கா சத்தத்தைக் கேளுங்கோ.