பத்தாயத்தின் சாவி
(நாகர்கோவிலில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, மூன்று மாதங்களாக ஒரே நாவலைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடிவரும் வாசக நண்பர்களே, தோவாளையிலிருந்தும் குளச்சலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் மாலைப் பேருந்தில் வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

நாவலின் அழகைப் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் நிறைவாகவே பேசிவிட்டார்கள். வாசித்தவர்கள் அதைப் பற்றிச் சொன்னவற்றைக் குறித்து மட்டும் பேச அனுமதி கேட்கிறேன். பழையாற்றுத் தண்ணீர் பாயும் நாஞ்சில் நாட்டு ஊர் ஒன்றில், ஓட்டு வீடொன்றின் தெற்கறையில் கிடக்கும் நெல்லுப் பத்தாயத்தைச் சுற்றிப் பூட்டி, ஆச்சி, அம்மா, மகள் என்று நான்கு தலைமுறைப் பெண்கள் வாழ்ந்த கதை அது. சொத்து தாய்மாமனிடமிருந்து சகோதரியின் ஆண்மக்களுக்குப் போகும் மருமக்கள்வழி வீடு என்பதால் வம்சம் பூட்டியின் வயிற்றில்தான் தொடர்கிறது. ஆனால் பத்தாயத்தின் சாவி, காரணவர் என்னும் குடும்பத் தலைவரான அவள் அண்ணனின் இடுப்பில் இருக்கிறது. ஆச்சி கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் போகிறாள்; அவன் இறந்ததும் மூன்று பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். அம்மாவின் சீதனத்துக்காக வயல் விலையாகிறது. மகள் செவிலியர் படிப்பு முடித்து வளைகுடாவுக்குப் போகிறாள்.

பெயர்கள் குழப்புகின்றன, முன்பக்கத்தில் ஒரு வம்சாவளிப் படம் போட்டிருக்கலாம் என்று பலர் சொன்னீர்கள். நியாயமான குறை, அடுத்த பதிப்பில் பதிப்பாளர் கவனிக்கட்டும். என்னை உறங்கவிடாதது வேறொரு கேள்வி. இளைய வாசகர்கள், குறிப்பாகக் கல்லூரி மாணவிகள், ஏறக்குறைய ஒரே குரலில் அதைக் கேட்டார்கள்: “ஆச்சி ஏன் இவ்வளவையும் பொறுத்துக்கொண்டாள்? பதினாறாம் நாள் சடங்கு முடிந்த கையோடு வெளியேறச் சொல்கிறார்கள்; ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடக்கிறாளே, இவளை எப்படி மதிப்பது?” முதல் வாசிப்பில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அவளைக் கோழை என்று பக்க ஓரத்தில் எழுதியும் வைத்தேன். அந்தக் குறிப்பை இன்று அடித்துவிட்டுத்தான் மேடையேறினேன்.

ஏன் அடித்தேன் என்று சொல்கிறேன். ஆச்சி நடந்து வந்த காலத்தில் அவள் கணவனின் குடும்பச் சொத்து அவனுடைய அக்கா தங்கைகளின் ஆண்மக்களுக்கு உரியது. அவளுக்கும் அவள் பெற்ற பிள்ளைகளுக்கும் அந்த வீட்டில் கேட்கக்கூடியதாக இருந்தது உகந்துடைமை என்று பெயர் பெற்ற ஒரு சிறு பகுதிதான். அதுவும் கைக்கு வந்து சேர்வது கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. எதிர்த்துப் பேசியிருந்தால் அவள் எந்த நீதிமன்றத்தில், எந்தச் சட்டத்தைக் காட்டி வழக்காடியிருப்பாள்? தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்த வழமையைத் தாக்கி மருமக்கள்வழி மான்மியம் எழுதியபோது, ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவியின் வாயிலாகவே முழுக் கதையையும் சொல்லவைத்தார். இந்த வழமையை மாற்றிய நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் திருவிதாங்கூரில் வந்தது 1926-இல். சட்டத்துக்கு அந்த நூல் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். சமுதாயத்துக்குள்ளேயே பல ஆண்டுகள் நடந்த வாதம் அது. நாவலின் ஆச்சி விதவையாவது அதற்கு முன்பு. அவள் வாயை மூடிக்கொண்டு நடந்ததைக் குணக்குறை என்று நாம் படிக்கிறோம். திறப்பதற்குக் கதவே இல்லாத சுவரின் முன்னே அவள் நின்றிருந்தாள் என்பதை ஆசிரியர் சொல்லாமலே விட்டதால், அது நம் கண்ணில் படவில்லை.

ஆண் வாசகர்கள் சிலர், நாவலில் ஒரு நல்ல ஆண்கூட இல்லையே என்று வருந்தினார்கள். ஆச்சியின் கணவன் வரும் பதினோராம் அத்தியாயத்தை அவர்கள் மறுபடி வாசிக்க வேண்டுகிறேன். விளைந்த நெல்லையெல்லாம் மருமக்களுக்கு அளந்துவிட்டு, தன் மகளுக்கு ஒரு ஜோடிக் கம்மல் வாங்கக் கடன் கேட்டு நிற்கிறானே, அவனும் அதே சுவருக்கு இந்தப் பக்கம் நிற்பவன்தான். பாசம் ஒரு பக்கம், வழமை ஒரு பக்கம் என்று கிழிபட்ட தகப்பன்மார் இந்த மண்ணில் எத்தனையோ பேர்.

இனி, கடற்கரையிலிருந்து வந்த ஒரு வாசகி சொன்னது. இந்த மூன்று மாதத்தில் நான் கேட்ட கருத்துகளில் மிகக் கூர்மையானது அது என்பேன். “எங்களுக்கு மருமக்கள்வழி கிடையாது, நாங்கள் கிறிஸ்தவர்கள். ஆனால் அம்மாவின் அத்தியாயம் எங்கள் வீட்டில் நடந்தது” என்றார். அவர் சொன்னது முழு உண்மை. 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தின் பொது விதிப்படி, உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொத்தில் மகளுக்குக் கிடைத்தது மகன் பங்கில் கால்வாசி, அல்லது 5,000 ரூபாய். இரண்டில் எது குறைவோ அது. சீதனம் கொடுத்திருந்தால், கொடுப்பதாக வாக்களித்திருந்தால்கூட, அதுவும் இல்லை. பழைய திருவிதாங்கூர்ப் பகுதியில் அந்தச் சட்டம் 1951-லேயே செல்லாததாகிவிட்டது, இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1986-இல். மேரி ராய் என்ற கேரளப் பெண்மணி தன் பங்குக்காகத் தொடுத்த வழக்கு அது. முப்பத்தைந்து ஆண்டுகள் தமக்கு உரிமை இருந்ததை அறியாமலே எத்தனை மகள்கள் பங்கை விட்டுக்கொடுத்து ஒப்புமுறி எழுதிக் கையெழுத்திட்டிருப்பார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்துக் குடும்பங்களின் மகள்களுக்கும் வழி ஒரே நாளில் திறக்கவில்லை. 1956-இன் வாரிசுரிமைச் சட்டம், பூர்விகக் கூட்டுச் சொத்தில் மகளுக்குப் பங்கு தந்த தமிழ்நாட்டின் 1989-ஆம் ஆண்டுத் திருத்தம், நாடு முழுமைக்குமான 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் என்று படிப்படியாகவே வந்தது. ஆகவே நான்காம் தலைமுறை மகள் வளைகுடாவிலிருந்து தொலைபேசியில், “எனக்கு வீட்டில் பங்கு வேண்டும்” என்று சொல்லும் இடத்தில், பேராசை பிடித்தவள் என்று அவளைக் குறைகூறிய மூத்த வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: பூட்டிக்கும் ஆச்சிக்கும் அம்மாவுக்கும் தொண்டைக்குள் நின்றுபோன வாக்கியம் அது. அவள் வாயில் அது கடுமையாக ஒலிப்பது, மூன்று பேர் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து அவள் சொல்வதால்தான்.

பெண்களில் கிட்டத்தட்ட 90 விழுக்காட்டினர் எழுத்தறிவு பெற்றவர்கள் என்று 2011 கணக்கெடுப்பு சொல்லும் மாவட்டம் நம்முடையது. பெண்கள் தாங்களே வாசித்துத் தாங்களே தீர்ப்புச் சொல்லும் இந்தக் கூட்டம் அதனால்தான் சாத்தியமாயிற்று. என்றாலும், கண் மங்கியதால் வாசிக்க முடியாமல் கேட்க மட்டும் முடிந்த ஒருவரின் கருத்தையும் இந்த அவையில் வைக்க விரும்புகிறேன். எண்பத்தாறு வயதான அந்த ஆச்சிக்கு, அவருடைய பேத்தி தினமும் இரவில் பத்துப் பக்கம் வாசித்துக் காட்டியிருக்கிறாள். விதவை பிள்ளைகளோடு வெளியேறும் அந்த இடம் வந்ததும் பேத்திக்கு அழுகை வந்துவிட்டது. ஆச்சி அழவில்லை. “பசுவ அவுத்துட்டு வரலியா?” என்று மட்டும் கேட்டிருக்கிறார். எந்தப் பசு என்று பேத்திக்கு விளங்கவில்லை. நாவலில் பசுவே கிடையாது. தன் ஆச்சி புருஷன் வீட்டுக்குப் போனபோது தாய்வீட்டிலிருந்து என்னென்ன கொண்டுபோனாள், எவற்றோடு திரும்பி வந்தாள் என்று அம்மா சொல்லக் கேட்டதை அதன்பிறகுதான் அந்த மூதாட்டி ஒவ்வொன்றாகச் சொன்னாராம்.

பேத்தி அந்தப் பிரதியை நேற்று என்னிடம் கொடுத்தாள். கடைசி வெற்றுத்தாளில் பென்சிலால் எழுதியிருக்கிறது: உருளி இரண்டு, செம்புக் குட்டுவம் ஒன்று, குத்துவிளக்கு ஒன்று, கன்றோடு பசு ஒன்று. குத்துவிளக்குக்கு எதிரே மட்டும் ‘வந்தது’ என்று குறித்திருக்கிறாள்.