மந்திரத்துக்கு விலை போடுறாங்க, என்னால சும்மா இருக்க முடியல

வணக்கம் மக்களே! எல்லாரும் நல்லா இருக்கீங்களா? ஹட்டன்ல விடிஞ்சதுல இருந்து மழை. தகரத்துல விழுற சத்தம் மைக்ல கேக்கும், கொஞ்சம் பொறுத்துக்கங்க. இன்னைக்கு வழக்கமான கோயில் வீடியோ இல்ல. மனசுல ஒரு கோவம் இருக்கு, அத சொல்லியே ஆகணும்.

நம்ம வீடியோ பாக்குற தங்கச்சி ஒருத்தங்க ஒரு குட்டி வீடியோ அனுப்பியிருந்தாங்க, "அக்கா, இத சொல்லலாமா?"ன்னு கேட்டு. போட்டுப் பாத்தா, ஒருத்தர் பேசுறாரு. 48 நாள் விடியக்காலம் இந்த மந்திரத்த சொல்லுங்க, விசா வரும், கடன் தீரும். நடுவுல ஒரு நாள் விட்டுட்டா குடும்பத்துக்கு ஆகாதாம். அந்தத் தங்கச்சி சொல்ல ஆரம்பிச்சு நடுவுல ஒரு நாள் விட்டிருச்சு. பயந்துபோய் தூக்கமில்லாம இருக்கு. அது என்ன மந்திரம் தெரியுமா? நமசிவாய. நம்ம பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல சைவநெறிப் புத்தகத்துல படிக்கிற அதே அஞ்செழுத்து. அத வச்சா பயங்காட்டுறது?

இந்தக் கோவத்தோட ஹட்டன் டவுனுக்குப் போனா அங்க இன்னொண்ணு. என்னோட பழைய உருத்திராட்ச மாலை நூல் இத்துப் போச்சுன்னு சொல்லியிருந்தேன்ல, புதுசு வாங்கத்தான் போனேன். கடையில ஒரே மாதிரி ரெண்டு மாலை தொங்குது. மணியில அஞ்சு கோடு ஓடுற அஞ்சு முகம்தான் ரெண்டும். அஞ்சு முகம் நெறைய காய்க்கிறது, அதனால வெல கொறவா கிடைக்கிறது, அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஒண்ணு 1,800 ரூவா, இன்னொண்ணு 5,300 ரூவா. ஏன் இப்புடின்னு கேட்டா, "இது மந்திரம் உரு ஏத்தினது"ங்குறாரு, மந்திரத்த திரும்பத் திரும்ப சொல்லி சக்தி ஏத்தினதாம். அதாவது 3,500 ரூவா மந்திரத்துக்கு! யாரு ஏத்துனா, எந்த மந்திரம், எத்தன உருன்னு கேட்டேன். பதில் இல்ல. நான் 1,800 ரூவா மாலையத்தான் வாங்கினேன்.

பஸ்ல வரும்போது எண்ணிப் பாக்குறேன், 106 மணிதான் இருக்கு. 108 இருக்கணும், அது போக நாயகமணி ஒண்ணு. கொட்டகலையில எறங்கி அடுத்த பஸ்ஸ புடிச்சு திரும்பப் போனேன். "ரெண்டுதானே கொறையுது, யாரு எண்ணப் போறா"ங்குறாரு. நான் எண்ணுவேன் அண்ணே, செபம் பண்றதுக்குத்தானே மாலை! நின்ன எடத்த விட்டு நகரலயே. கடைசியில ரெண்டு மணி எடுத்துக் குடுத்தாரு. ராத்திரி மாலைய பிரிச்சுப் போட்டு, செவப்பு நூல்ல, ஒவ்வொரு மணிக்கும் நடுவுல ஒரு முடிச்சு. முடிச்ச ஊசி முனையால மணியோட வாயி வரைக்கும் தள்ளிவிட்டு இறுக்கணும், இல்லன்னா நூல் தொங்கிரும். இங்க பாருங்க, கேமராவுக்குக் கிட்ட காட்டுறேன். ஒரே சீரா இருக்கா? மணிக்கு மணி முட்டல. உருட்டும்போது வெரலுக்கு ஒண்ணு ஒண்ணா வருது. ரொம்ப சந்தோசமா இருக்கு எனக்கு.

ஆங், நாயகமணி என்னன்னு சொல்லல. அது மாலை ஆரம்பிக்கிற எடம். உருட்டிக்கிட்டு வந்து அதத் தாண்டக் கூடாது. தொட்ட எடத்துல மாலையத் திருப்பி, வந்த வழியே போகணும்.

சரி, விசயத்துக்கு வாறேன். அந்த அஞ்செழுத்துக்குள்ள என்ன இருக்குன்னு உமாபதி சிவம்ங்குற சைவ ஆசாரியர் திருவருட்பயன்ங்குற நூல்ல ஒரு அதிகாரமே வச்சிருக்காரு. 14ஆம் நூற்றாண்டுக்காரர். அவர் சொல்ற கணக்கு இது. சி சிவம், வா அருள், ய உயிர், ந உண்மைய மறைக்கிற மறைப்பு, ம மலம், அதாவது உயிரப் புடிச்சிருக்கிற அழுக்கு. இப்ப அதே அஞ்செழுத்த சிவாயநம-ன்னு மாத்தி எழுதிப் பாருங்க. நான் இந்தக் கொப்பியில எழுதிருக்கேன், தெரியுதா? நடுவுல நிக்கிறது எது? ய. நம்ம உயிர். இந்தப் பக்கம் சிவமும் அருளும், அந்தப் பக்கம் மறைப்பும் மலமும். உயிர் எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கத்துக்காரனா ஆயிரும். ந-வும் ம-வும் முன்னுக்கு நிக்கிற வரைக்கும் பொறப்பு தொடரும், சிவத்த முன்னுக்கு வச்சு ஓது, பொறப்பு தீரும்ங்குறாரு. இதுல விசா எங்க இருக்கு மக்களே? உயிர் எங்க நிக்குது, எந்தப் பக்கம் திரும்பணும்னு ஒவ்வொரு தடவ சொல்லும்போதும் நமக்கு நாமே காட்டிக்கிறதுதான் இந்த மந்திரம். சிவதீட்சை, அதாவது குருகிட்ட மந்திர உபதேசம், எடுத்தவங்க இத தெரிஞ்சுக்கிட்டு ஒரு சுத்து உருட்டிப் பாருங்க. எனக்கு இதுக்கு மேல ஒரு பலனும் வேணாம்.

காயத்ரியும் அப்படித்தான். நுவரெலியா காயத்ரி பீடத்துக்குப் போன வீடியோவுக்குக் கீழ நெறைய பேரு அர்த்தம் கேட்டிருந்தீங்க. ரிக் வேதம் மூணாவது மண்டலம், விசுவாமித்திரர் கண்டது, மூணு அடி, அடிக்கு எட்டு எழுத்துக் கணக்கு. சவிதாவோட, அதாவது சூரிய தேவனோட மேலான ஒளிய தியானிக்கிறோம், அவர் எங்க புத்தியத் தூண்டட்டும். அவ்வளவுதான் வேண்டுதல். அதுவும் எனக்குன்னு கேக்கல, எங்க எல்லாருக்கும்னு கேக்குது. எனக்கு அது ரொம்பப் புடிக்கும்.

அடுத்தது இந்த ஸ்பீக்கர். எங்க பக்கம் காலையில அஞ்சு மணிக்கு ரெண்டு கோயில்ல ரெண்டு மந்திரம் ஒரே நேரத்துல அலறுது. ஒண்ணும் வெளங்காது. செபத்துல மூணு வகை சொல்லுவாங்க. வாய் விட்டு சொல்றது வாசிகம், ஒதடு மட்டும் அசையிறது உபாம்சு, மனசுக்குள்ளயே சொல்றது மானசம். மானசம்தான் எல்லாத்துலயும் ஒசத்தி. கதிர்காமத்துக்குப் போனவங்களுக்குத் தெரியும், அங்க பூசை பண்ற கப்புறாளை வெள்ளைத் துணியால வாயக் கட்டிக்கிட்டு, திரைக்கு அந்தப் பக்கம் சத்தமில்லாம பூசை பண்ணுவாரு. அந்த முருகன்கிட்டத்தான் நம்ம மலையகத்துச் சனம் தலைமுறை தலைமுறையா போகுது.

இப்ப அந்தத் தங்கச்சிக்கு. ஒரு நாள் விட்டதுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. திருஞானசம்பந்தர் பூணூல் போட்ட சடங்குல அஞ்செழுத்து மேல ஒரு பதிகம் பாடினதா பெரியபுராணம் சொல்லுது. அது எடுத்த எடுப்புலயே "துஞ்சலும் துஞ்சல் இலாத போழ்தினும்"னுதான் தொடங்குது. தூங்கும்போதும் முழிச்சிருக்கும்போதும் மனசு கசிஞ்சு நெனைங்கன்னுதான் சொன்னாரு. விட்டா தண்டனைன்னு சொல்லல.

சொல்லலாமான்னு கேட்டீங்கல்ல, அதுக்கும் சொல்றேன். மாலை எடுத்து எண்ணி முறைப்படி செபம் பண்றதுக்கு சிவதீட்சை எடுத்திருக்கணும்னு ஆறுமுக நாவலர் சைவ வினாவிடைங்குற புத்தகத்துல எழுதியிருக்காரு. நான் எடுத்துட்டுத்தான் பண்றேன், அந்த வீடியோ சேனல்ல இருக்கு. நீங்க எடுக்குற வரைக்கும் அப்பரோட நமச்சிவாயப் பதிகத்தப் பாடுங்க. கல்லுல கட்டி கடல்ல போட்டப்ப அவர் பாடினது, "நற்றுணையாவது நமச்சிவாயவே"ன்னு முடியும். தேவாரம் யாரும் பாடலாம், எந்த நேரமும் பாடலாம், 48 நாள் கணக்கும் கெடையாது. முதல் பாட்டு வரிய கீழ போட்டிருக்கேன், மெட்டு தெரியலன்னா சொல்லுங்க, அடுத்த வீடியோவுல நானே பாடிக் காட்டுறேன்.