ஓடும்போது எவ்வளவு தண்ணீர் குடிப்பது?

நேயர்களே, வணக்கம். மும்பை மாட்டுங்காவின் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் காலையில் ஓடுகிறவர்கள், செம்பூரிலும் தாராவியிலும் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடும் தம்பிகள், யாரிடம் கேட்டாலும் ஒரே பேச்சுதான்: தாகம் எடுக்கும் முன்பே குடி, நிறையக் குடி. அதில் பாதிதான் சரி என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் நம் ஊர்க் காற்றைச் சொல்ல வேண்டும். வியர்வை காயும்போதுதான் உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஒரு லிட்டர் முழுதாகக் காய்ந்தால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறும். மும்பையில் மே மாதத்துப் புழுக்கத்தில் அது எங்கே காய்கிறது? சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுகிறது, அதனால் குளிர்ச்சியும் இல்லை, உடம்பு விடாமல் மேலும் வியர்க்கிறது, தண்ணீரோடு உப்பும் போகிறது.

சரி, எவ்வளவு போகிறது? ஓடுவதற்கு முன்பும் பின்பும், வியர்வையில் நனைந்த துணியைக் கழற்றிவிட்டு, எடை பாருங்கள். அரைக் கிலோ குறைந்தால் ஏறக்குறைய அரை லிட்டர். நடுவில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். 60 கிலோ ஆளுக்கு ஒன்றேகால் கிலோவுக்கு மேல் குறைந்தால் வேகம் படுக்க ஆரம்பிக்கும்.

எடை கூடியிருந்தால்? போனதைவிட அதிகமாகக் குடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம், ரத்தத்தில் இருக்கும் உப்பு நீர்த்துப்போகும். அதுதான் பயப்பட வேண்டிய விஷயம். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம், அதாவது உப்புச் சத்து, இயல்பைவிடக் குறைந்திருந்தது. முக்கியமாக, ஓடும்போது எடை கூடியவர்களுக்கும், 4 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களுக்கும். மெதுவாக ஓடுகிறவருக்கு வழியில் தண்ணீர் வைத்திருக்கும் ஒவ்வொரு மேசையிலும் நின்று குடிக்க நேரம் இருக்கிறதே! தலைவலி, குமட்டல், பேச்சுத் தடுமாற்றம் என்று வரும்போது, பாவம் தண்ணீர் போதவில்லை என்று கூட இருப்பவர்கள் இன்னொரு பாட்டிலை நீட்டுவார்கள். தடுமாற்றம் தெரிந்தால் தண்ணீர் கொடுக்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஜனவரி மாரத்தானுக்குத் தயாராகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற பயிற்சிக்கு வெறும் தண்ணீர் போதும். கலர் பானத்துக்குக் காசைக் கொட்ட வேண்டாம். நேரம் நீண்டால் உப்பு போட்ட நீர்மோர், இல்லை உப்பும் சர்க்கரையும் கலந்த நிம்பு பானி, அதாவது எலுமிச்சைச் சாறு. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம்தான். ஓஆர்எஸ் என்றால் ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், ஒரு டம்ளரில் கொட்டிக் குடிக்கக் கூடாது. ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உப்பு விஷயத்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றபடி தாகம் எடுத்தால் குடியுங்கள், போதும் என்றால் நிறுத்துங்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் இது அப்படியே பொருந்தாது, வயதாக ஆகத் தாகம் மங்கிவிடும். பார்க்கில் வேகநடை போகும் மாமாக்களும் மாமிகளும் தாகம் இல்லாவிட்டாலும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நாலு வாய் குடித்துக்கொள்ளுங்கள். வணக்கம்.