ஸ்கேன் காட்டாத நாரிநோ

வணக்கம் நேயர்களே.

நாரிநோ, அதாவது முதுகின் அடிப்பகுதியில் வலி, என்று வருகிறவர்களில் பலர் உட்காரும் முன்பே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உறையை மேசைமேல் வைத்துவிடுகிறார்கள். "டிஸ்க் தேய்ந்துவிட்டதாம், டொக்டர்." முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தையைத்தான் டிஸ்க் என்கிறோம். அது தேய்ந்திருக்கலாம். ஆனால் நாரிநோவே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வொன்று 2015இல் வெளிவந்தது. இருபது வயதினரிலேயே 37 வீதமானோருக்கு டிஸ்க் தேய்வு இருந்தது. எண்பது வயதினரில் 96 வீதமானோருக்கு. தேய்வு இருப்பதனாலேயே நோ அங்கிருந்துதான் வருகிறது என்று சொல்லிவிட முடியாது.

மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள் 1934இல் டிஸ்க் பிதுங்கல் பற்றி எழுதியபின் எல்லோருடைய கண்ணும் டிஸ்க்கிலேயே நிலைத்தது. அதற்குமுன் அதிகம் சந்தேகிக்கப்பட்டவை மூட்டுகள். முள்ளந்தண்டின் பின்புறம் இருபக்கமும் சிறிய மூட்டுகள் உண்டு. அடியில், திருவென்பு என்ற முக்கோண எலும்பு இடுப்பெலும்போடு சேரும் இடத்திலும் இரண்டு பெரிய மூட்டுகள் உண்டு.

செட்டியார் தெருவில் நகைப்பட்டறை வேலை செய்யும் ஒருவர் மூன்று ஸ்கேன்களோடு வந்தார். நோகும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொன்னேன். பெல்ட்டுக்குக் கீழே, வலப்பக்கக் குழியில் விரலை வைத்தார். கதிரையிலிருந்து எழும்போதுதான் கொல்கிறது என்றார். மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, தொடை வழியே கீழ்நோக்கி அழுத்தினேன். "இதுதான், இதேதான்!" என்று கத்திவிட்டார். இப்படி ஐந்து சோதனைகள் உண்டு. மூன்றிலாவது அதே நோ எழுந்தால் திருவென்பு மூட்டைச் சந்தேகிக்கலாம். கையால் தொட்டுப் பாருங்கள் என்று இளம் மருத்துவர்களிடம் ஓயாமல் சொல்கிறேன். மறுபடியும் சொல்கிறேன், தொட்டுப் பாருங்கள்.

பின்புறச் சிறுமூட்டுகளை இப்படிக் கைச்சோதனையால் உறுதிசெய்ய முடியாது. அந்த மூட்டின் நோவைக் கடத்தும் நுண்ணிய நரம்புக் கிளைகளில், எக்ஸ்ரே பார்த்தபடி, சிறிதளவு விறைப்பு மருந்து ஏற்றுவோம். சில மணிநேரம் நோ அடங்குகிறதா என்று பார்ப்போம். இது சிகிச்சை அல்ல, சோதனை. அதுவும் ஒருமுறை போதாது. முதல் ஊசிக்கு அடங்கியவர்களில் கணிசமானோருக்கு இரண்டாவதில் அடங்குவதில்லை. அதனால் வேறொரு நாளில் வேறு மருந்து: ஒருநாள் குறுகிய நேரம் விறைக்கும் லிக்னோகெயின், இன்னொரு நாள் நீண்டநேரம் விறைக்கும் புபிவகெயின்.

சிகிச்சைகள் பற்றிப் பேச நேரமில்லை என்று நிகழ்ச்சி நடத்துபவர்கள் சைகை காட்டுகிறார்கள். இரண்டு விடயங்கள் மட்டும். நாற்பது வயதுக்குள், காலையில் அரைமணிக்கு மேல் இறுகிக் கிடந்து, நடமாட நடமாடத் தளர்கிற நாரி என்றால் வாதநோய் நிபுணரைப் பாருங்கள். சிறுநீர் அடைத்தாலோ கட்டுப்பாடின்றிப் போனாலோ, உட்காரும்போது அழுந்தும் பகுதி மரத்தாலோ, கால் வலுவிழந்தாலோ எந்தச் சோதனைக்கும் காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.